வெள்ளைக் குழிக்குக் கீழே

காவலர் வீடு,
நெதர் கோர்ஸ்டன்,
14 ஏப்ரல் 1984

அன்புள்ள க்ளெம்,

வந்து சேர்ந்துவிட்டேன். முப்பது வருடம் ரெடிங் தபாலாபீசில் ஸ்டாம்பு கிழித்தவளை ஆற்றுக்குக் காவல் வைத்துவிட்டாய். உன் நுரையீரல் தேறி நீ திரும்பும் வரைக்கும்தான், நினைவிருக்கட்டும். உன் வீட்டில் ரொட்டி ஈரம், தீப்பெட்டி ஈரம், என் படுக்கையும் ஈரம். பிராம்பிள் உன் பூட்ஸ் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தால் பெருமூச்சு விடுகிறாள். ஒரு நாய்க்கு இவ்வளவு ஆகாது.

இன்று முதல் நடை. ஆலைப் பாலத்திலிருந்து கரையோடு போனேன். உன் அன்னம் இறக்கையை விரித்துக்கொண்டு என்னை ஒரு ஃபர்லாங் துரத்தியது. சுண்ணாம்பு வெட்டிய வெள்ளைக் குழிக்குக் கீழே ஒரு நீரெலி, மதிய இடைவேளைக் குமாஸ்தா போல, இரண்டு கையாலும் புல்லைப் பிடித்து மென்றுகொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன். அதற்கு அவசரமே இல்லை. வின்னல் ஆற்றின் தண்ணீர் அவ்வளவு தெளிவு என்று மறந்தே போயிருந்தேன். கைக்கெட்டும் ஆழம்தானே என்று ஒரு கல்லை எடுக்கப் போய்த் தோள்வரை நனைந்தேன்.

ஆலை வீட்டு ஹேசல் முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்து மாதமாம். "பையன்னா டெரெக் அவங்கப்பா பேரை வைக்கணும்னு நிக்கிறாரு. இந்தக் காலத்துல லென்னுனு யாராவது பேரு வைப்பாங்களா, நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தாள். நல்ல பெண்.

இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, கிணற்றுத் தண்ணீர். அதில் போட்ட டீயைக் குடித்துவிட்டு ரெடிங் டீயை நினைத்தால் குமட்டுகிறது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. நர்ஸுகளிடம் வாயாடாதே.

உன் ஈரத் தங்கை,
ஐவி

*

மார்பு நோய் வார்டு,
18 ஏப்ரல்

அன்புள்ள ஐவி,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இங்கே ஜன்னலில் கடல் தெரிகிறது. கடல் ஒரு உபயோகமும் இல்லாத தண்ணீர்; நடக்கக் கரை இல்லை, பார்க்க அடி இல்லை.

நீ நடப்பது தபால்காரன் நடை. ஆற்றோரம் அப்படிப் போனால் உனக்கு முதுகுகளும் வால்களும்தான் தெரியும். பத்தடி நட, பத்து நிமிடம் நில். அன்னத்துக்குப் பயப்படாதே, குடையை விரி, அது ஓடிவிடும்.

நீ எழுத வேண்டியது ஒன்றுதான். ஒரு கல்லைப் புரட்டு. அடியில் அரிசி நீளத்தில் இறால்கள் பக்கவாட்டில் துள்ளி ஓடும். இருபதுக்குக் குறையக் கூடாது. அவை இருந்தால் ட்ரவுட் மீன் இருக்கும், ட்ரவுட் இருந்தால் நாரையும் நீர்நாயும் இருக்கும். மற்றதெல்லாம் வெறும் அழகு.

குழிக்குள் இறங்காதே. ஓரம் சரியும்.

டெரெக்கிடம் சொல், லென் என்ற பெயரில் ஒரு குறையும் இல்லை. சாகும்வரை, நாற்பது வருடம் என்னோடு ஆற்றில் இறங்கி வேலை செய்தவன்.

அன்புடன்,
க்ளெம்

*

நெதர் கோர்ஸ்டன்,
5 மே

அன்புள்ள க்ளெம்,

இங்கே எல்லாம் நலம். வசந்தம் அருமையாக இருக்கிறது. ஆறு வெள்ளைப் பூவால் மூடிக் கிடக்கிறது. மே ஈக்கள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீர் மேல் நடனமாடுகின்றன. பாலத்தருகே வில்லோ கிளையில் ஒரு மீன்கொத்தி அமர்ந்து இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தது. உன் நினைவு வந்தது. கல்லைப் புரட்டினேன், இறால்கள் ஏராளம்.

பிராம்பிள் சுகமாக இருக்கிறாள். நீ எதைப் பற்றியும் கவலைப்படாமல் ஓய்வெடு.

அன்புடன்,
ஐவி

*

மார்பு நோய் வார்டு,
9 மே

ஐவி,

மீன்கொத்தி பாடாது. கோபக்காரக் கெட்டில் மாதிரி கீச்சென்று ஒரு விசில் அடித்துக்கொண்டு போய்விடும். மே ஈ இந்த மாதக் கடைசி வாரத்துக்கு முன்னால் எழும்பாது. இதையெல்லாம் ஏதோ காலண்டரிலிருந்து எடுத்திருக்கிறாய்.

அதுகூடப் போகட்டும். இந்தக் கடிதத்தில் ஒரு குறைகூட இல்லை. அம்மாவின் சாவு வீட்டில் ரொட்டி காய்ந்திருக்கிறது என்று சொன்னவள் நீ. மூன்று வாரம் முழுக்க உனக்குக் குறையே இல்லை என்றால் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது.

எனக்கு ஒரு நுரையீரல்தான் கெட்டிருக்கிறது, கண் கெடவில்லை. சொல்.

க்ளெம்

*

நெதர் கோர்ஸ்டன்,
13 மே, ஞாயிறு

அன்புள்ள க்ளெம்,

மன்னித்துக்கொள். உன் வார்டு நர்ஸ்தான் ஃபோனில், "கவலைப்படற சேதி எதுவும் எழுதாதீங்கம்மா, அவருக்கு மூச்சு எகிறிடுது" என்றாள்.

பிராம்பிள் இல்லை. ஏப்ரல் 29 அன்று ஆற்றில் நீந்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மறுநாள் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. டாக்டர் வருவதற்குள் என் மடியிலேயே போய்விட்டாள். ஆப்பிள் மரத்தடியில் புதைத்தேன். உன் பூட்ஸை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை.

அதன் பிறகு ஆற்றைப் பார்க்கப் போனேன். நீ சொன்னபடி பத்தடி நடந்து பத்து நிமிடம் நின்றேன். ட்ரவுட்கள் ஒருக்களித்து நீந்துகின்றன, வட்டமாக, குடித்தவர்களைப் போல. கரையில் வந்து முட்டி, வாயைத் திறந்து கிடக்கின்றன. அவற்றை நாரைகூடத் தொடவில்லை. முதலில் தொட்டது போலிருக்கிறது, இப்போது தொடுவதில்லை. ஒரு நாரை கம்பிவேலியில் தொங்குகிறது. மீன்கொத்தியைப் பாலத்தடியில் கண்டேன். கையில் எடுத்தேன், ஒரு தீப்பெட்டி அளவுகூடக் கனமில்லை.

கற்களைப் புரட்டினேன். ஆலைப் பாலத்தில் முப்பது கற்கள். ஒன்றின் அடியிலும் ஒன்றும் இல்லை.

தண்ணீர் மட்டும் அதே தெளிவு. அதுதான் பயமாக இருக்கிறது, க்ளெம். கலங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. தகைவிலான் குருவிகள் வந்துவிட்டன, ஆனால் ஆற்றின் மேல் பறப்பதில்லை. பிடிக்கப் பூச்சி இல்லை. சாயங்காலம் கரையில் நின்றால் காது அடைத்துக்கொண்டது போல இருக்கிறது.

எஸ்டேட் ஆபீசில் சொன்னேன். "காவலர் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள்.

என்ன செய்ய, சொல்.

ஐவி

*

மார்பு நோய் வார்டு,
16 மே

ஐவி,

அழுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

பாலத்திலிருந்து மேல்நோக்கி நட. நூறடிக்கு ஒரு கல். இறால் எங்கே உயிரோடு தொடங்குகிறதோ அந்த இடத்தில் ஒரு குச்சி நடு. அது எந்த இடம் என்று மட்டும் எழுது. ரப்பர் கையுறை போட்டுக்கொள்.

கீழ்ப்பண்ணைச் சாணித் தொட்டி உடைந்திருக்கலாம். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

க்ளெம்

*

நெதர் கோர்ஸ்டன்,
20 மே, ஞாயிறு

அன்புள்ள க்ளெம்,

கீழ்ப்பண்ணை இல்லை.

ஹேசலும் கூட வந்தாள். வேண்டாம் என்றேன். "வீட்ல உக்காந்தா கால் வீங்குது. நான் குனிய மாட்டேன், எண்ண மட்டும் செய்றேன்" என்று கிளம்பிவிட்டாள். நான் கல்லைப் புரட்டுவேன், அவள் சத்தமாகச் சொல்வாள்: "பூஜ்யம்." அடுத்தது, "பூஜ்யம்." கீழ்ப்பண்ணை தாண்டியும் பூஜ்யம். அவள் குரல் வர வர இறங்கிக்கொண்டே போனது.

வெள்ளைக் குழி தெரியுமில்லையா, அதன் அடியிலிருந்து ஊற்று ஒன்று கசிந்து ஆற்றில் சேருமே, அங்கேயும் பூஜ்யம். அந்த ஊற்றைத் தாண்டி நாற்பதடி மேலே போய் ஒரு கல்லைப் புரட்டினேன். க்ளெம், துள்ளிக்கொண்டு ஓடின! இருபது இல்லை, ஐம்பது. ஹேசல் குழந்தை போலக் கைதட்டினாள். மேலே ட்ரவுட் நேராக நிற்கிறது. முக்குளிப்பான் முங்கி எழுகிறது. ஒரே ஆறு, ஒரு பக்கம் உயிர், நாற்பதடி தள்ளிச் சுடுகாடு.

குச்சியை நட்டுவிட்டுக் குழியின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் செந்தட்டி இடுப்பளவு நிற்கிறது. நடுவில் மட்டும் ஒரு வண்டி அகலத்துக்குப் புல்கூட இல்லை. தார் சோப்பு மாதிரி ஒரு வாசனை.

ஹேசல் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது எங்க கிணத்து வாசனையாச்சே! மார்ச் மாசத்துலேர்ந்து லேசா வருது. பம்பு கிரீஸா இருக்கும்னு டெரெக் சொன்னாரு" என்றாள்.

அந்தக் குழியில் என்ன இருக்கிறது?

ஐவி

*

நெதர் கோர்ஸ்டன்,
28 மே

அன்புள்ள க்ளெம்,

எட்டு நாளாயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நர்ஸைக் கேட்டால், "ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கார். சாப்பாட்டைத் தொடறதில்லை. காகிதத்தை எடுக்கறார், வைக்கறார்" என்கிறாள்.

எனக்குக் காலையில் விரல் நுனிகள் மரத்துப் போகின்றன. வயசு என்று நினைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு மே ஈ எழும்ப வேண்டிய வாரம் அல்லவா? மூன்று மணிநேரம் பாலத்தில் நின்றேன். ஒன்றே ஒன்று வந்தது. அது எங்கிருந்து வந்ததோ, இறங்க இடம் தேடுவது போலச் சுற்றிவிட்டுப் போய்விட்டது.

உனக்குத் தெரிந்ததை எழுது. எதுவானாலும்.

ஐவி

*

மார்பு நோய் வார்டு,
30 மே

ஐவி,

இதைப் படித்து முடிக்கும் வரை எதையும் குடிக்காதே. அதன் பிறகும் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே; என் கிணற்றுக்கும் ஹேசல் வீட்டுக் கிணற்றுக்கும் ஒரே ஊற்றுதான். ஹேசலை இன்றே அந்த வீட்டைவிட்டுக் கிளப்பு.

1966 பிப்ரவரி. ஆடுகளை முக்கி எடுக்கும் பழைய மருந்து ஒன்றை இனி உபயோகிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எஸ்டேட் கொட்டகையில் நாற்பது பீப்பாய் மீதி இருந்தது. மேனேஜர் ஹார்ட்நெல் என்னையும் லென்னையும் கூப்பிட்டு, "கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது புதைச்சிடுங்கப்பா" என்றார். அவருக்கு ஒரு பழைய குழி, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. சுண்ணாம்புப் பாறை பஞ்சு மாதிரி என்று எனக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் மேலே ஒரு சொட்டு விட்டால் கீழே கிணற்றில் வரும் என்று எனக்கும் லென்னுக்கும் தெரிந்த அளவு வேறு எவனுக்கும் தெரியாது. லென் வேண்டாம் என்றான். நான்தான், "இரும்பு பீப்பாய்தானே, நம்ம காலத்துக்குத் தாங்கும்" என்றேன்.

தாங்கியது. பதினெட்டு வருடம். இந்தக் குளிர்கால மழையில் நிலத்தடி நீர் ஏறிக் குழியைத் தொட்டிருக்கும்.

ஒவ்வொரு வருடமும் கற்களைப் புரட்டிப் பார்ப்பேனே, ஊரில் எல்லோரும் க்ளெமுக்கு ஆற்றின் மேல் எவ்வளவு பாசம் என்பார்களே, நான் பார்த்தது இதைத்தான். அந்தக் கிணற்றுத் தண்ணீரையே நானும் குடித்தேன். கெடுதல் என்றால் முதலில் என்மேல் காட்டட்டும் என்று நினைத்துக் குடித்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கிணற்றில் ஆடு விழுந்து அழுகிவிட்டது என்று ஹேசலிடம் சொல். குழியைப் பற்றி நான் வந்து என் வாயால் சொல்கிறேன். இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார்கள். அதுவரை பொறு.

க்ளெம்

*

ரோஸ் விடுதி, மாடி அறை,
8 ஜூன்

க்ளெம்,

இரண்டு மாதம் நான் பொறுக்கவில்லை. இரண்டு மணிநேரம்கூடப் பொறுக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றே ஹேசலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆடு விழுந்த கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், அதனால்தான் வரவில்லை.

படித்துவிட்டு எழுந்தாள். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் முற்றத்தில் அப்படியே நின்றாள். டெரெக் வந்துதான் கையிலிருந்து வாங்கினான். இப்போது சால்ஸ்பரியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எனக்கும் எடுத்தார்கள்.

என் விரல்களைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டாம். ஏப்ரலில் உன் கிணற்றைப் புகழ்ந்து எழுதினேன். நீ அதைப் படித்தாய், நான்கு முறை. மீன்கொத்தி பாடாது என்று எழுதத் தோன்றிய உனக்கு அதைக் குடிக்காதே என்று எழுதத் தோன்றவில்லை. பிராம்பிள் செத்ததை எழுதினேன். ரப்பர் கையுறை போட்டுக்கொள் என்றாய். கையுறை! அப்போதே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பதினான்கு நாள் சாணித் தொட்டியும் மௌனமுமாய் ஓட்டினாய்.

தண்ணீர் இலாகா ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு குழியைத் தோண்டினார்கள். நான்கு நாள். இப்போது எழுதுவது அதற்காகத்தான். நாற்பது என்று நீ எழுதியிருக்கிறாய். குழியில் கிடைத்தது முப்பத்தொன்று. பாறைவரை தோண்டிவிட்டார்கள்.

மீதி ஒன்பது எங்கே?

ஐவி

*

மார்பு நோய் வார்டு,
11 ஜூன்

ஐவி,

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன்.

குழி நிறைந்துவிட்டது. மீதி ஒன்பதை டிராக்டரில் பள்ளத்தாக்கின் உச்சிக்குக் கொண்டுபோனோம். ஆற்றின் தலை ஊற்றுக்கு மேலே, பழைய ஆட்டுப்பட்டிப் பக்கம், தூர்ந்துபோன கிணறு ஒன்று இருந்தது. அதில் இறக்கி மண் போட்டோம். நீயும் ஹேசலும் கைதட்டினீர்களே, அந்த உயிருள்ள பாதி முழுவதும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. போன கடிதத்தில் அதை எழுத என் கை வரவில்லை.

இடத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அடையாளத்துக்கு இருந்த பீச் மரங்களை வெட்டிவிட்டார்கள். மேடு முழுக்க உழுதாயிற்று. அங்கே நின்றால்தான் தெரியும். டாக்டர் முடியாது என்கிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை வண்டி கொண்டுவருகிறது. மேட்டில் வண்டி ஏறாது, நடப்பேன்.

ஹேசலுக்குச் சொல்லி அனுப்பு. அவள் வந்தால் அவள் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். வராவிட்டால் அதுவும் நியாயம்.

க்ளெம்

*

ரோஸ் விடுதி,
23 ஜூன்

க்ளெம்,

நீ கிளம்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ கோலை ஊன்றிய இடத்திலிருந்து இரண்டு கெஜம் தள்ளித்தான் கிணறு. அந்த மேட்டில் ஏற உனக்கு ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. பதினோரு இடத்தில் உட்கார்ந்தாய், உதடு நீலமாகிவிட்டது. இலாகாக்காரர் ஒருவர் என்னிடம், "போதும்னு சொல்லுங்கம்மா, ஆளு போயிடுவாரு" என்றார். நான் சொல்லவில்லை. நீ அங்கேயே விழுந்து செத்தாலும் இடத்தைக் காட்டிவிட்டுச் சாகட்டும் என்று நின்றேன். என் அண்ணனைப் பற்றி அப்படி நினைத்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பதும் கிடைத்தன. ஏழு பீப்பாய் முழுசாக இருந்தன. இரண்டு, துரு அரித்துக் காகிதம் போலாகிவிட்டன. தூக்கும்போது ஒருவருடைய கட்டைவிரல் உள்ளே போனது. ஆனால் ஒழுகவில்லை. இன்னொரு குளிர்காலம் தாங்கியிருக்காது என்கிறார்கள். மேல்பாதி ஆறு பிழைத்தது. அது உன்னால்தான். அதையும் எழுதாமல் விட்டால் நியாயமில்லை. கீழ்ப்பாதிக்கு எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். "உங்க காலத்துல இல்லம்மா" என்றார் ஒருவர்.

ஹேசல் வந்திருந்தாள். கீழே பாதையில், டெரெக்கின் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். நீ அவளிடம் போய்ச் சொன்னாய். அவள் கண்ணாடியை இறக்காமலே கேட்டாள்; அது உனக்குத் தெரியும். உன் வண்டி போன பிறகு இறங்கி என்னிடம் வந்தாள்.

"அவரு எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைதோறும் டீ குடிப்பாரு ஐவி" என்றாள். "கப்பைக் கையில வாங்கினா உடனே குடிக்க மாட்டாரு. என் முகத்தைப் பாப்பாரு, டெரெக் முகத்தைப் பாப்பாரு. 'நல்லாருக்கீங்களா, ஒடம்பு நல்லாருக்கா'ன்னு ரெண்டு தடவை கேப்பாரு. எவ்வளவு அன்பான மனுஷன்னு நெனைச்சேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

அவள் ரத்தத்தில் அந்த மருந்து இருக்கிறது. என்னுடையதிலும் இருக்கிறது. எனக்கு அறுபத்தொன்று, போகட்டும். குழந்தையைப் பற்றி டாக்டர்கள் ஒன்றும் சொல்வதில்லை. இதயத்துடிப்பு இருக்கிறது என்கிறார்கள். பிறந்த பிறகுதான் தெரியும் என்கிறார்கள்.

நீ மோசமாக இருக்கிறாய் என்று நேற்று உன் நர்ஸ் ஃபோன் செய்தாள். "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்றாள். ரயில் நேரம்கூடப் பார்த்தேன். ஸ்டேஷன் வரை நடந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஹேசலுக்கு ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அவள் பக்கத்தில் இருப்பேன். அவள் அம்மா கேட்டுக்கொண்டாள். அந்தக் குழந்தையை என் கண்ணால் பார்த்த பிறகு, உன்னைப் பார்க்க வருவேனா மாட்டேனா என்று எழுதுகிறேன்.

அதுவரை நீ உயிரோடு இரு. அதுவரை எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

ஐவி